அழகிய பொருளும் அதன் அடிப்புறமும்

வீட்டுக்கு ஒரு நாற்காலியோ விளக்கோ பாயோ வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அதன் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு விலையை விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அதே கடைக்கு வயது முதிர்ந்த ஒரு தச்சரை அழைத்துச் சென்றால், அவர் மேற்புறத்தின் பளபளப்பை ஒரு கணமும் லட்சியம் செய்யாமல், குனிந்து அடிப்புறத்தைத் தடவிப் பார்ப்பார். இழுப்பறையை முழுவதும் வெளியே உருவி அதன் பின்பலகையை நோக்குவார். கால்கள் சட்டத்தோடு சேருமிடத்தில் கையை வைத்து அசைத்துப் பார்ப்பார். கண்ணில் படும் இடத்தை அழகாக்கிக் காட்டுவது யாருக்கும் எளிது. யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்திருந்தும் ஓரிடத்தைச் செம்மையாகச் செய்து வைத்திருக்கிறானே, அவனுடைய கைவேலையை நம்பி வீட்டுக்குக் கொண்டுவரலாம். பாய், மரச்சாமான், தரைக்கல், விளக்கு என்று எதை எடுத்துக்கொண்டாலும் இந்த ஒரு பரீட்சை பொய்ப்பதில்லை.

இன்று நகரங்களில் புதிதாகக் குடியேறும் வீடுகளுள் நுழைந்தால், எவர் வீட்டில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும்படி எல்லாம் ஒரே சாயலாக இருப்பதற்கு அவ்வீட்டாரின் ரசனைக் குறைவு காரணம் என்று நான் கருதவில்லை. மரத்தூளைப் பசையோடு கலந்து அழுத்திய பலகையின்மேல் மரத்தின் ரேகைகளை அச்சிட்ட தாளை ஒட்டி, ஒரே அச்சில் ஆயிரக்கணக்காகச் செய்யப்படும் சாமான்கள் வாசலுக்கே வந்துவிடுகின்றன. நல்ல கைவேலை எங்கே கிடைக்கும், கிடைத்தாலும் அதை எவ்வாறு இனங்காண்பது என்பதைச் சொல்லிக்கொடுப்பவர்கள்தாம் அருகிவிட்டார்கள். பாத்திரக் கடையில் நின்று ஒரு சொம்பைச் சுண்டி, அதன் நாதத்தைக் கேட்டே உலோகத்தின் தரத்தைச் சொல்லிவிடும் பாட்டிமார்களும், பாயின் விளிம்பை விரலால் தடவி அது எவ்வூர்ப் பாய் என்று கூறிவிடும் தாத்தாமார்களும் எந்தக் கலாசாலையிலும் அந்த ஞானத்தைப் பெற்றவர்கள் அல்லர். செய்பவனும் வாங்குபவனும் ஒரே ஊரில், ஒருவரையொருவர் அறிந்து வாழ்ந்த காலத்தில் அது தானே வந்த பரிச்சயம். இப்போது அதை முயன்றுதான் பெறவேண்டியிருக்கிறது.

கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, பூகர்ப்ப சாஸ்திரத்தில் பயிற்சி பெற்று, இலங்கையில் கனிப்பொருள் ஆராய்ச்சிக்குத் தலைவராக இருந்து ஊர் ஊராகச் சுற்றிவந்த நாட்களில், பாறைகளைக் காட்டிலும் அவ்வூர்க் கம்மியர்களின் கைத்திறனிலேயே அதிகமாக உள்ளத்தைப் பறிகொடுத்தார். அதன் பயனாக 1908இல் வெளிவந்த, மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றிய அவருடைய பெருநூலில், கோயில்களுக்கும் விக்கிரகங்களுக்கும் அளிக்கும் அதே சிரத்தையை அன்றாடம் புழங்கும் எளிய பொருள்களுக்கும் அளித்திருக்கிறார். இங்கிலாந்தில், கைத்தொழிலைப் போற்றிய வில்லியம் மாரிஸின் அச்சகத்தில் இருந்த கையச்சு இயந்திரத்திலேயே தம் மேற்பார்வையில் அந்நூலை அச்சிட்டார் என்பதும் அவருடைய கொள்கைக்குப் பொருத்தமான செய்தியே. கலை வேறு, கைத்தொழில் வேறு என்று பிரித்து, முன்னதைக் காட்சிசாலைக்கும் பின்னதைச் சமையலறைக்கும் அனுப்பிவிடும் வழக்கத்தை அவர் வன்மையாக மறுத்தார். வீட்டை அலங்கரிக்க விரும்புவோர் முதலில் மனத்தில் கொள்ளத்தக்க கருத்து அது. மாட்டிவைத்துப் பார்ப்பதற்கென்றே தனியாக ஒரு பொருள் தேவையில்லை. உட்காரும் பலகையும் படுக்கும் பாயும் ஏற்றும் விளக்கும் நன்றாக அமைந்துவிட்டால், வீட்டின் அலங்காரம் முக்கால்வாசி முடிந்ததாகவே கொள்ளலாம்.

பாயிலிருந்தே தொடங்குவோம். திருநெல்வேலிச் சீமையில் சேரன்மகாதேவிக்கு அருகில் உள்ள பத்தமடை, சுவாமி சிவானந்தர் 1887இல் அவதரித்த ஊர் என்பதால் ஆன்மிக அன்பர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவ்வூரின் பெயரை நாடெங்கும் பரப்பியவர்கள் அங்குள்ள லெப்பை முஸ்லிம் குடும்பத்தினரான பாய் நெசவாளர்கள். தாமிரபரணிக் கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் விளையும் கோரையைப் பசுமை மாறுவதற்குள் அறுத்து, வெயிலில் உலர்த்தி, பிறகு ஓடுகிற நீரில் சில நாட்கள் ஊறவைத்து, ஒவ்வொரு தண்டையும் நீளவாட்டில் கிழித்து, உள்ளே இருக்கும் வெண்மையான சோற்றைச் சுரண்டி நீக்கி, மேல்தோலை மட்டும் மெல்லிய இழையாக எடுத்துக்கொள்கிறார்கள். முரட்டுப் பாய்க்குத் தண்டை இரண்டாக, மூன்றாகக் கிழித்தால் போதும். பட்டுப்பாய் எனப்படும் உயர்ந்த ரகத்துக்கோ, ஒரே தண்டிலிருந்து நூல்போன்ற பல இழைகள் வரும்வரை கிழிக்கவேண்டும். பருத்தி நூலைப் பாவாக இழுத்துக் கட்டி, இந்த இழைகளை ஊடாகச் செலுத்தி நெய்து, பாவு நூலின் நெருக்கத்தைக் கொண்டு 100, 120, 140 என்று தரம் பிரிக்கிறார்கள். எண்ணிக்கை உயர உயரப் பாய் துணியின் குணத்தை அடைகிறது. 140 எண் பாயைக் கைக்குட்டையைப்போல் மடித்தாலும் முறிவதில்லை.

இத்தனை வேலைப்பாட்டுக்குப் பிறகும் அந்தப் பாயைத் தரையில்தான் விரிக்கப் போகிறோம், அதன்மேல் படுத்து உறங்கத்தான் போகிறோம் என்று நினைக்கும்போது, நம் நாட்டார் சௌகரியத்துக்கும் சௌந்தரியத்துக்கும் இடையே வேலி போடாதவர்கள் என்பது விளங்கும். மணமக்களின் பெயர்களைப் பாயிலேயே நெய்து கொடுக்கும் வழக்கம் பத்தமடையில் உண்டு. எழுத்தின் ஒவ்வொரு வளைவையும் இழையை எண்ணியே கொண்டுவர வேண்டியிருப்பதால், இப்படிப்பட்ட மணப்பாயை விரும்புவோர் முகூர்த்தத்துக்குச் சில மாதங்கள் முன்பாகவே சொல்லி வைத்துவிடுவது உத்தமம்.

பத்தமடைப் பாயென்று சொல்லி விற்பவை எல்லாம் பத்தமடைப் பாய்கள் அல்ல. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் நல்ல பாயில் ஒளி எங்கும் ஒரே சீராகக் கசியும். கைத்தவறு நேர்ந்த பாயில் ஓரிடத்தில் கீற்றாகவும் ஓரிடத்தில் இருளாகவும் தோன்றும். அதைப் புரட்டிப் பார்த்தால் பின்புறமும் முன்புறத்தைப்போலவே சுத்தமாக இருக்கவேண்டும். வெட்டிவிட்ட நூல்முனைகளும் முடிச்சுகளும் பின்னால் தொங்குமானால் அவசர வேலை என்று அறியலாம். பிளாஸ்டிக் இழையில் செய்த பாய்கள் இப்போது கோரையின் நிறத்தையே பூசிக்கொண்டு வருகின்றன. ஒரு மூலையில் ஈரக்கையை வைத்துப் பாருங்கள்: கோரையானால் நீரை உறிஞ்சிச் சற்றே கறுத்து, புல்லின் வாசனையை வெளியிடும், பிளாஸ்டிக் அப்படியே கிடக்கும். வந்தவாசியிலும் முசிறியிலும் நெய்யப்படும் கோரைப்பாய்கள் வேறு ரகம். சற்று முரடாயினும் உறுதியானவை, விலையும் குறைவு. தினமும் குழந்தைகள் புழங்கும் இடத்துக்கு அவையே ஏற்றவை என்பது என் அபிப்பிராயம்.

இனி மரச்சாமான்கள். பழைய மரவேலையை நாடுவோருக்கெல்லாம் முதலில் நினைவுக்கு வரும் ஊர் காரைக்குடி. அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில், இடிக்கப்பட்ட மாளிகைகளிலிருந்து வந்த தூண்கள், கதவுகள், பெட்டகங்கள், சாய்வு நாற்காலிகள், கண்ணாடிச் சட்டங்கள், பல்லாங்குழிகள், எனாமல் தூக்குகள் ஆகியவை கடைகளில் நிரம்பிக் கிடக்கின்றன. இவையெல்லாம் அங்கே எவ்வாறு வந்து சேர்ந்தன என்பதை அறியாமல் வாங்குவது, ஒரு குடும்பத்தின் சரித்திரத்தை அறியாமல் அதன் வீட்டில் பெண் எடுப்பதைப் போன்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பர்மா, இலங்கை, மலேயா முதலிய தேசங்களில் லேவாதேவி நடத்திப் பெருஞ்செல்வம் ஈட்டிய நகரத்தார், சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இன்றும் எஞ்சியிருக்கும் 70க்கு மேற்பட்ட தம் செட்டிநாட்டு ஊர்களில், பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் ஐரோப்பியக் கண்ணாடிகளையும் கப்பல் கப்பலாக வரவழைத்து மாளிகைகள் கட்டினார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்ததும் அந்தச் செல்வத்தின் வேர் அசைந்தது. 1960களில் பர்மிய அரசாங்கம் வியாபாரங்களைத் தேசியமயமாக்கியதோடு அது அறுந்தே போயிற்று. பாகம் பிரிந்து, பராமரிக்க வகையின்றி, வீடுகள் ஒவ்வொன்றாக விலைபேசப்பட்டன.

ஆகையால், அக்கடைகளில் நிற்கும் ஒவ்வொரு தூணும் ஒரு வீடு இல்லாமற் போனதற்குச் சாட்சி. இதை எண்ணி நான் தயங்குவதுண்டு. விறகாகப் போயிருக்க வேண்டிய மரத்தை ஒருவர் எடுத்துப் போற்றுவது நற்செயல்தான். ஆயினும் தூணுக்கும் கதவுக்கும் தனித்தனியே நல்ல விலை கிடைக்கும் என்ற எண்ணமே, முழு வீட்டைக் காப்பாற்றுவதைவிடப் பிரித்து விற்பது லாபம் என்ற முடிவுக்கு வாரிசுகளைத் தள்ளுகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. கட்டடத்தின் உறுப்புகளான தூண், நிலை, கதவு ஆகியவற்றை விட்டுவிட்டு, இயல்பாகவே இடம்பெயரக்கூடிய பெட்டி, நாற்காலி, மணை, முக்காலி போன்றவற்றை மட்டும் வாங்குவது என்ற ஒரு நியமத்தை வைத்துக்கொண்டால், மனச்சாட்சிக்கும் இடைஞ்சல் இல்லை, சிறிய வீடுகளுக்கும் அவையே பொருந்தும்.

பழைய மரத்தை அறிவது எப்படி? மரம் உயிரோடு நின்ற காலத்தில் உள்ளே இருந்த ஈரம் வெட்டிய பிறகு மெல்ல வெளியேறும்; அப்போது ரேகையின் வாட்டத்தில் அது பெரும்பாலும் சுருங்குவதில்லை, குறுக்குவாட்டத்தில் மட்டுமே சுருங்குகிறது. இதனால், வட்டமாகக் கடைந்து செய்த ஒரு மேஜைப் பலகை பல பத்தாண்டுகள் சென்றபின் மிகச் சிறிதளவு முட்டை வடிவத்தை அடைந்துவிடும். நூலைக் கொண்டு இரு வாட்டத்திலும் அளந்து பாருங்கள். துல்லியமான வட்டமாக இருந்து, விற்பவர் அதற்கு நூறு வயது என்றால், நம்புவதற்கு முன் யோசிக்கவேண்டும். கையால் அறுத்த பலகையின் அடிப்புறத்தில் வாளின் தடங்கள் நேர்க்கோடுகளாகவும் இடைவெளி ஒழுங்கற்றும் இருக்கும். வட்ட வாள் பூட்டிய இயந்திரத்தில் அறுத்ததானால் அத்தடங்கள் வில்போல் வளைந்திருக்கும். நாற்காலிக் கைப்பிடியின் முனை, பெட்டகத்தின் மூடியைத் தூக்கும் இடம், குறுக்குச் சட்டத்தில் பாதம் வைக்கும் இடம் ஆகியவை தேய்ந்து மழமழப்பாக இருப்பது இயற்கை. யாருடைய கையும் காலும் எட்டாத இடத்தில் தேய்மானம் தெரிந்தால், உப்புத்தாள் வைத்துத் தேய்த்த கை ஒன்று உண்டென்று கொள்க.

இணைப்புகளில்தான் தச்சனின் யோக்கியதை வெளிப்படுகிறது. ஒரு கட்டையின் முனையை மெலித்து, மற்றொரு கட்டையில் அதே அளவாகக் குடைந்த துளைக்குள் இறுக்கமாகச் செலுத்தி, குறுக்கே ஒரு மரமுளையை அடித்துவிட்டால், ஆணியும் பசையும் இல்லாமலே அந்த நாற்காலி மூன்று தலைமுறைகளைத் தாங்கும். தளர்ந்தால் முளையைத் தட்டியெடுத்து, பிரித்து, மீண்டும் இறுக்கலாம். ஆணி அடித்த நாற்காலிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆணி துருப்பிடித்து மரத்தைத் தின்னும். ஒருமுறை தளர்ந்த துளை மறுபடி பற்றாது. கடைக்காரரிடம், “ஐயா, இதைக் கொஞ்சம் கவிழ்த்துக் காட்டுங்கள்” என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டியதே இல்லை. கவிழ்த்தால் வேறு சில ரகசியங்களும் வெளியாகும்: மேற்பலகை பழையதாகவும் கால்கள் புதியனவாகவும் இருக்கலாம், தேக்கென்று சொன்னது சாயம் ஏற்றிய நாட்டுமரமாக இருக்கலாம், ஏனெனில் சாயம் பூசுகிறவர்கள் அடிப்புறம்வரை பூசுவதில்லை. நுண்ணிய துளைகளும், அவற்றின் வாயில் புதிதாக உதிர்ந்த மாவும் காணப்பட்டால், உளுப்பூச்சி இன்னும் உள்ளே உயிரோடு இருக்கிறது. அந்தச் சாமானை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அது வீட்டிலுள்ள மற்ற மரங்களுக்கும் பரவும்.

பழம்பொருள் விஷயத்தில் சட்டம் ஒன்றையும் தெரிந்துவைத்திருப்பது அவசியம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம் முதலியவை தொல்பொருள்களாகும். அவற்றுள் சில வகைகளைத் தொல்லியல் துறையிடம் பதிவு செய்தே வைத்திருக்க வேண்டும், வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தனியாருக்கு அனுமதியே கிடையாது. பழைய விக்கிரகத்தை யாராவது ரகசியமாக விலைபேசினால், அது ஏதோ ஒரு கோயிலின் கருவறையிலிருந்தோ உற்சவ மண்டபத்திலிருந்தோ வந்திருக்கக்கூடும் என்ற ஐயமே போதும். உடனே விலகிவிட வேண்டும். தந்தம் பதித்த பெட்டிகளும் அவ்வாறே விலக்கத்தக்கவை.

பழைய வீடுகளின் கூடத்தில் வரிசையாகத் தொங்கிய ரவி வர்மா படங்களுக்கு இப்போது மறுபடியும் மதிப்பு வந்திருக்கிறது. ரவி வர்மா 1894இல் பம்பாயில் ஓர் அச்சகத்தை நிறுவி, தம் ஓவியங்களைக் கல்லச்சில் வர்ணம் வர்ணமாகப் பதிப்பித்து, லட்சுமியையும் சரஸ்வதியையும் ஏழை வீட்டுச் சுவருக்கும் எட்டச் செய்தார். ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு தனிக் கல் என்ற முறையில் அச்சிடப்பட்ட அப்படங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், புள்ளிகள் கைபோன போக்கில், ஒழுங்கற்றுச் சிதறியிருக்கும். புகைப்பட முறையில் பிற்காலத்தில் எடுத்த நகல்களிலோ புள்ளிகள் அணிவகுத்து நிற்கும். சிலவற்றில் சேலைக்கு ஜரிகையும் மணிகளும் ஒட்டி, வீட்டுப் பெண்மணிகள் தங்கள் கையால் அலங்கரித்திருப்பார்கள். அவ்வாறான படம் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம் என்பேன். அச்சகத்தின் வேலையோடு ஒரு குடும்பத்தின் பக்தியும் அதில் சேர்ந்திருக்கிறது.

காரைக்குடிவரை வந்தவர்கள் ஆத்தங்குடிக்கும் சென்றுவருதல் நலம். அங்கே தரைக்கல் செய்யும் பட்டறைகளில் சூளையே கிடையாது. ஒரு கண்ணாடித் தகட்டைத் துடைத்து வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தையும் பூவேலை அச்சையும் பொருத்தி, அச்சின் ஒவ்வோர் அறையிலும் நிறக்கலவை சேர்ந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை மெல்லத் தூக்கியெடுக்கும்போது வர்ணங்கள் ஒன்றோடொன்று கலவாமல், ஆனால் விளிம்பில் இலேசாகத் தொட்டுக்கொண்டு நிற்பதைப் பார்ப்பது கண்ணுக்கு விருந்து. அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பின் ஈரச் சாந்தை நிரப்பி, தட்டிச் சமப்படுத்தி, இறுகியபின் நீர்த்தொட்டியில் சில நாட்கள் ஊறவைத்து, வெயிலில் காயவைக்கிறார்கள். கண்ணாடியோடு ஒட்டியிருந்த முகம் கண்ணாடியின் வழவழப்பையே வாங்கிக்கொண்டு வெளிவருகிறது. அவ்வூர் மணலின் தன்மையும் இதற்கு ஒரு காரணம் என்கிறார்கள் தொழிலாளர்கள்.

ஆத்தங்குடிக் கல்லின் படத்தை அச்சிட்ட பீங்கான் கற்கள் நகரக் கடைகளில் இப்போது ஏராளமாக வருகின்றன. பக்கவாட்டில் பார்த்தாலே வேற்றுமை விளங்கிவிடும்: உண்மையான கல்லில் வர்ணம் கனமான ஓர் அடுக்காக உள்ளே இறங்கியிருக்கும், ஆகையால் தேய்ந்தாலும் பூ மறையாது, போலியில் அது தாள்போல் மேலே ஒட்டியிருக்கும். அன்றியும், கையால் ஊற்றிய கற்களில் எந்த இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல் இரா. இந்தச் சிறு வேற்றுமைகள் கூடம் முழுவதும் பரவும்போது தரைக்கு ஒருவித உயிரோட்டத்தைத் தருகின்றன. வாங்குவோர் முன்கூட்டியே அறிய வேண்டியது, இக்கல் உழைப்பையும் கேட்கும் என்பதே. ஆசிட் ஊற்றிக் கழுவினால் சிமெண்டு அரித்துப்போகும். பதித்த புதிதில் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, அன்றாடம் ஈரத்துணியால் மெழுகிவந்தால், ஆண்டுகள் செல்லச் செல்ல மெருகு ஏறும். வெறுங்காலோடு நடமாடும் வீடுகளில் இன்னும் நன்றாக ஏறும். முழு வீட்டுக்கும் பதிக்க இயலாதவர்கள் பூஜையறையிலோ, வாசலுக்கும் கூடத்துக்கும் இடையிலுள்ள சிறு நடையிலோ மட்டும் பதித்துக்கொள்ளலாம்.

கும்பகோணத்துக்கு அருகில் நாச்சியார்கோயிலில் வார்க்கப்படும் குத்துவிளக்குகளைப் பற்றி விரிக்கத் தேவையில்லை. அவற்றை அறியாத தமிழ்க் குடும்பம் இராது. காவிரிப் படுகையின் வண்டல்மண்ணில் அச்செடுத்து, பித்தளையை உருக்கி வார்த்து, கடைசல் பிடித்து, பாதம், தண்டு, அகல், உச்சியிலுள்ள அன்னம் என்று தனித்தனியே செய்து திருகிப் பொருத்துகிறார்கள். வாங்கும்போது விளக்கைக் கழற்றிப் பாருங்கள்: மரை சுத்தமாக ஓடவேண்டும், பாதம் தரையில் ஆடாமல் அமரவேண்டும், அடிப்புறத்தில் வார்ப்புத் துளைகளை மெழுகோ வேறெதுவோ வைத்து அடைத்திருக்கக் கூடாது. பளபளப்பு மங்காதிருக்க மேலே ஏதோ பூச்சுப் பூசிய விளக்கை நான் சிபாரிசு செய்வதில்லை. எண்ணெயும் சூடும் பட்டு அப்பூச்சு திட்டுத் திட்டாக உரியும்போது பார்க்கச் சகிக்காது. புளியும் சாம்பலும் இட்டு வாராவாரம் துலக்கிய விளக்குக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

பவானிக் கூடலில் நெய்யப்படும் ஜமக்காளத்தின் கனமான பருத்தி நூலும் அச்சமற்ற வர்ணப் பட்டைகளும், வெளிறிய சாம்பல் நிறச் சுவர்களுக்கு இடையே இன்றைய வீடுகளில் அமைந்திருக்கும் கூடங்களுக்கு எவ்வளவு சோபை தரும் என்பதை விரித்துப் பார்த்தவர்களே அறிவர். அகலமான ஜமக்காளத்தைக் குழித்தறியில் இருவர் அருகருகே அமர்ந்து நெய்கிறார்கள். கைத்தறிக்கென்று 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிய துணிவகைகளுள் ஜமக்காளமும் ஒன்று. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இருந்தும் விசைத்தறிச் சரக்கு அதன் பெயரைச் சொல்லியே விற்பனையாகிறது. கைத்தறி ஜமக்காளத்தின் இருபுறமும் ஒன்றாகவே இருக்கும், கையில் எடுத்தால் கனம் தெரியும், ஓரம் நேராக ஓடினாலும் இயந்திரம் வெட்டியதுபோல் உயிரற்று இராது. செட்டிநாட்டுப் பெண்கள் பனையோலையில் பின்னும் கொட்டான்களை, அத்தொழில் அநேகமாக மறைந்துபோகும் தறுவாயில் விசாலாட்சி ராமசாமி முன்னின்று மீட்டெடுத்தார். பழம், பூ, தபால், சாவிக்கொத்து என்று எதைப் போட்டுவைத்தாலும் அவற்றுக்கு ஓர் அழகு வந்துவிடுகிறது. குறைந்த செலவில் வீட்டுக்குள் நல்ல கைவேலையைக் கொண்டுவர விரும்புவோர் கொட்டானிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

ஊருக்கு ஊர் அலைய அவகாசம் இல்லாதவர்களுக்குக் கூட்டுறவு நெசவாளர்களுக்காக 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸும், அரசாங்கத்தின் பூம்புகார் நிலையங்களும் நம்பகமான வழிகள். சென்னைக்கருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திராவில், தென்னாட்டுப் பழைய வீடுகளையே பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள்; எந்தப் பொருள் வீட்டின் எந்த இடத்தில், எந்த வெளிச்சத்தில், எவ்வளவு இடைவெளியோடு இருந்தது என்பதை அங்கே நேரிற் காணலாம். அக்கூடங்களில் சாமான்கள் எவ்வளவு குறைவு என்பதே முதலில் நம் கவனத்தைக் கவர்கிறது. ஒரு பெரிய ஊஞ்சல் தொங்குமிடத்தில் வேறொன்றும் இல்லை. இக்காலத்தார் நான்கு நல்ல பொருள்களை வாங்கி, நான்கையும் ஒரே சுவரில் நெருக்கி வைத்து, ஒன்றும் கண்ணில் படாதபடி செய்துவிடுகிறார்கள்.

ஆயினும், இயன்றவர்கள் செய்பவரிடமே நேரில் சென்று சொல்லிச் செய்துகொள்வதையே நான் சிறந்ததாகக் கருதுகிறேன். அளவைக் குறித்துக் கொடுத்து, முன்பணம் தந்து, அவர் கேட்கும் காலத்தையும் தரவேண்டும். விலையைக் குறைக்கும்படி வற்புறுத்தினால் அவர் வேறு வழியின்றி உலோகத்தை மெலிப்பார், மரத்தை மாற்றுவார், கோரையை முரடாகக் கிழிப்பார்; அதன் நஷ்டம் நம் வீட்டுக்கே வரும். எவ்வளவுக்குக் கொடுப்பீர்கள் என்பதோடு, பழுதானால் யாரிடம் கொண்டுவர வேண்டும் என்ற கேள்வியையும் கேட்டுவைக்க வேண்டும். பிரம்பு நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள்: சட்டம் தேக்கானால் அது நம் பேரன் காலத்துக்கும் இருக்கும், ஆனால் ஆசனத்தின் பிரம்பு சில ஆண்டுகளில் தளர்ந்து அறுந்துபோவது நிச்சயம். அதற்காக நாற்காலியைக் கழித்துவிடுவோர் உண்டு. சட்டத்தைச் சுற்றியுள்ள துளைகள் சிதையாமல் இருந்தால், அறுந்த பிரம்பை நீக்கி, புதிய பிரம்பை நனைத்து, அதே துளைகளின் வழியே பழைய பின்னலை அப்படியே மறுபடி பின்னிவிடலாம். பார்வையற்றோர்க்கான தொழிற்பயிற்சிகளில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வரும் தொழில் இது. பயின்றவர்கள் விரல்களால் துளைகளை எண்ணியே எண்கோணக் கண்கள் கொண்ட அந்தப் பின்னலைப் பிசகின்றி முடித்துவிடுகிறார்கள். பரணில் உடைந்த பிரம்பு நாற்காலி ஒன்று கிடக்குமானால், புதியது வாங்கக் கடைக்குப் புறப்படுவதற்கு முன், அதை இறக்கித் துடைத்து, கவிழ்த்துப் பார்த்து, அப்படிப்பட்ட ஒருவரிடம் அனுப்பிவையுங்கள்.